மூன்று நாள் விளக்கேற்றி வைத்த பெட்டி

என் அக்காவுக்கு ஒழுங்காக வேண்டிக்கொள்ளத் தெரியாது. மற்றவர்கள் சாமியிடம் ஒன்றைக் கேட்பார்கள், பதிலுக்கு ஒன்றைச் செய்வதாகச் சொல்வார்கள், அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அக்கா நிறுத்தமாட்டாள். கடைசி நேரத்தில் அவசரமாக ஒரு வாலைச் சேர்த்துவிடுவாள். எனக்கு அம்மை போட்டிருந்தபோது மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டியவள், கூடவே "அதுவரைக்கும் இவன் செருப்புப் போடமாட்டான்" என்று என் காலையும் சேர்த்து அடகு வைத்தாள். ரங்கூன் மழைக்காலம் முழுக்க வெறுங்காலோடு சேற்றில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் அவளுடைய வேண்டுதல்கள் மேல் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நாங்கள் ரங்கூனின் அலோன் பகுதியில் துறைமுகத்தை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். நாங்கள் என்றால் அக்கா, அத்தான், நான், மூன்றே பேர். அத்தான் அரிசி ஏற்றும் துறையில் மேஸ்திரி. நான் கப்பல் சரக்குக் கொட்டகையில் குமாஸ்தா. ஒரு நாள் காலை மூட்டை தூக்கும் கயிறு அறுந்து அரிசி மூட்டைகள் அத்தானின் வலது காலில் விழுந்தன. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. மூன்றாம் நாள் புண்ணில் சீழ் வைத்தது. நாளைக்கும் இப்படியே இருந்தால் காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒற்றைக்கால் மேஸ்திரியைத் துறைமுகத்தில் யார் வைத்துக்கொள்வார்கள்? அக்கா அப்போது இரண்டு மாதக் கர்ப்பம். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றபடியே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கத்தினாள்.

"காசி விசுவநாதா! இவரு காலக் குடுத்துடு. ஒன்ன வந்து கண்ணால பாக்குறேன்."

இங்கே நிறுத்தியிருக்கலாம். நான் பக்கத்தில்தான் நின்றேன், அவள் வாயைப் பொத்தியிருக்கலாம். அதற்குள் வால் வந்துவிட்டது.

"பாக்குற வரைக்கும் ஒரு பருக்க சோறு தொடமாட்டேன்!"

கால் பிழைத்தது. மறுநாளே சீழ் வடிந்து காய்ச்சல் இறங்கியது. டாக்டர் தன் மருந்துதான் காரணம் என்றார், அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றரை மாதம் கழித்து அத்தான் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். துறைமுகத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அந்த வால் மட்டும் முடியவில்லை.

சோறு தொடாமல் இருக்க ஒரு ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ரங்கூனை யாரும் தேர்ந்தெடுக்கமாட்டார்கள். எங்கள் வீட்டுக்கு முன்னால் அரிசி ஆலை, பின்னால் அரிசிக் கிடங்கு. ஆலையின் உமிச் சாம்பல் காயப்போட்ட துணியில் எல்லாம் படியும். இட்லி, தோசை, ஆப்பம், புட்டு எல்லாம் அரிசி. பர்மாக்காரர்கள் விற்கும் மொயிங்கா என்ற நூல் சேவையாவது சாப்பிடு என்றால், அந்தச் சேவையும் அரிசி மாவுதான் என்று தள்ளிவிட்டாள். பர்மாக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வியே "தமின் சாபீபீலா", அதாவது சோறு சாப்பிட்டாச்சா என்பதுதான். தெருவில் பத்துப் பேர் அக்காவைப் பார்த்து அதைக் கேட்பார்கள். அவள் பத்துப் பேருக்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வருவாள்.

சப்பாத்தி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தின்றால் வாந்தி. வாழைப்பழமும் பாலும் வேகவைத்த கிழங்குமாக நாள் போனது. ஐந்தாம் மாதம் பிறந்தபோது கன்னம் ஒட்டி, வளையல் முழங்கைவரை ஏறியது. வயிறு மட்டும்தான் கர்ப்பிணி என்று சொன்னது. பர்மாக்கார மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அத்தானிடம் முகத்தைச் சுளித்தாள். "இப்படியே போனா ரெண்டு உயிரும் தாங்காது. சோறு போடு" என்று எங்களுக்குப் புரிகிற அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அன்று முழுக்கக் கை ஓடவில்லை.

காசிக்குப் போவது அப்போது நடக்கிற காரியம் இல்லை. கல்கத்தாவரை கப்பல், அப்புறம் ரயில். அத்தானின் காலும் அக்காவின் வயிறும் கப்பல் தளத்தில் அலைக்கழிந்து போகக்கூடியவை அல்ல. குழந்தை பிறந்து கைக்கு வந்தபின் போகலாம் என்றால், அதுவரை சோறு இல்லாமல் குழந்தை எப்படிப் பிறக்கும்? கடைசியில் அத்தான் கோயில் குருக்களிடம் போய் அழாத குறையாகக் கேட்டார். குருக்கள் நல்ல மனுஷர். "கண்ணால பாக்குறேன்னுதானே சொன்னா? படத்துல பாத்தாலும் தரிசனம்தான். பாத்துட்டுச் சாப்பிடட்டும். சௌகரியப்படறப்ப நேர்ல போய்க்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

படம் என்றதும் என் பக்கம் வந்தது பொறுப்பு. எங்கள் வாசகசாலையில் ஒரு மேஜிக் லாந்தர் இருந்தது. கண்ணாடித் தகட்டில் எழுதிய படத்தை அதில் செருகினால், கார்பைடு வெளிச்சத்தில் எதிரே கட்டிய ஈரவேட்டியில் பெரிதாகத் தெரியும். படத்தைக் காட்டிப் பேசுகிறவன் நான். ராமேசுவரத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன், இமயமலையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இரண்டையும் நான் பார்த்ததில்லை. கல்கத்தாவில் இந்தப் படங்களை வாடகைக்கு அனுப்புகிறவர்களுக்கு, காசிப் படங்கள் முழுவதும் வேண்டும் என்று எழுதிப் போட்டேன். அடுத்த கப்பலில் அனுப்புவதாகப் பதில் வந்தது.

அந்தக் கப்பல் வந்த நாளில் விடாத மழை. கொட்டகையில் ஒரே மாதிரி மரப்பெட்டி இரண்டு இருந்தன. இரண்டுக்கும் பித்தளை மூலை, தோல் பிடி. ஒன்றில் சைகோன் போகும் கப்பலுக்கு மாற்ற வேண்டியது என்று சீட்டு ஒட்டியிருந்தது. இன்னொன்றின் சீட்டு மழையில் கரைந்து போயிருந்தது. சீட்டு இல்லாதது என்னுடையதுதானே? தூக்கிக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினேன். கண்ணாடிச் சத்தம் கேட்டது. அது போதும் என்று தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சைகோன் சீட்டு எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கு நகர்ந்து ஒட்டியது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் திறந்து பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே தெரிந்திருக்கும். பூட்டில் கை வைத்தேன். அக்கா என் கையில் ஒரு அடி வைத்தாள்.

"காசிடா அது! நேரங்காலம் பாக்காம, ஈரக் கையோட தொறக்குறியா?"

பஞ்சாங்கம் பார்த்ததில் நல்ல நேரம் மூன்று நாள் கழித்து, சாயங்காலம் விளக்கு வைக்கிற பொழுதில்தான் இருந்தது. அதுவரை பெட்டியைச் சாமி மூலையில் ஒரு பலகை மேல் வைத்தாள். பித்தளை மூலை நான்கிலும் மஞ்சள் குங்குமம். தோல் பிடியில் மல்லிகைச் சரம். தோலில் பூ வைக்கலாமா என்று கேட்டதற்கு ஒரு முறை முறைத்தாள். மூன்று நாளும் காலையிலும் மாலையிலும் விளக்கேற்றிச் சூடம் காட்டினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். நானும் விழுந்து கும்பிட்டேன் என்பதை மறைப்பானேன்.

அந்த நாட்களில் எனக்கு அத்தான் மேலும் ஒரு எரிச்சல் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், நாக்கு செத்துப் போச்சு, சோறு பிடிக்கவில்லை என்றார். அக்கா விடாமல், தான் தொடமுடியாத சோற்றைப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக்கொண்டு வடிக்கச் சொல்லித் தினமும் தூக்குச்சட்டியில் வைத்து வேலைக்குக் கொடுத்தனுப்பினாள். இரவில், அவள் கண் முன்னால் சோறு வேண்டாம் என்று சப்பாத்தி தின்பார். இப்படி இருக்கையில் ஒரு நாள் மத்தியானம் தெரு முனை ரொட்டிக்கடையிலிருந்து, ஒரு முழு ரொட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவர் வெளியே வருவதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் திருதிருவென்று விழித்தார். அக்கா அங்கே வாடிக் கிடக்கிறாள், இவருக்குத் தூக்குச்சட்டிச் சோறும் போதாமல் கடை ரொட்டி வேறு கேட்கிறதா என்று மனத்துக்குள் திட்டினேன். பெரியவர் என்பதால் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் வாசகசாலை நிரம்பி வழிந்தது. ஆலைக்காரர்கள், துறைமுகத்துக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், எல்லோரும் குளித்துவிட்டு நெற்றியில் பட்டையோடு வந்திருந்தார்கள். அக்கா முன்வரிசையில் பாயில் உட்கார்ந்தாள், மடியில் தேங்காய் பழத் தட்டு. காலை மடக்க முடியாததால் அத்தான் அவள் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். தடி ஒரு பக்கம். மடியில், துண்டு சுற்றிய தூக்குச்சட்டி. அன்றைக்கு அவரே அடுப்புப் பற்றவைத்துச் சோறு வடித்திருந்தார், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக. கடைசிப் படம் முடிந்ததும் அக்கா அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. சூடாறிவிடக் கூடாது என்று சட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார். சோற்று வாசனை லாந்தர் பக்கத்தில் நின்ற எனக்கே வந்தது. அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்?

நல்ல நேரம் வந்தது. சூடம் காட்டிப் பெட்டியைத் திறந்தேன். முதல் தகட்டைத் துடைத்துச் செருகினேன். வேட்டியில் ஒரு ஆறு தெரிந்தது, அதன் மேல் வளைவு வளைவாகக் கல் பாலம்.

"கங்கை!" என்றேன். நான் காசியைக் கண்டவனா? ஆறு என்றால் கங்கைதானே.

கூட்டம் முழுக்க "சம்போ மகாதேவா" என்று எழுந்து நின்றது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது. இரண்டாவது தகட்டில் ஒரு உயரமான சதுரக் கோபுரம். உச்சியில் கலசம் இருக்கவேண்டிய இடத்தில் இரும்புக் கூண்டு, அதற்குள் ஒரு மணி. கோபுரம் என்று மட்டும் சொல்லி அடுத்ததற்குப் போனேன். மூன்றாவதில் கல் தொட்டியில் தண்ணீர் கொட்டுகிறது. அதைச் சுற்றி நீள கவுன் போட்ட வெள்ளைக்காரப் பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள்.

இது காசி இல்லை என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்தேன், அத்தான் மடியில் இருந்த சட்டியைப் பார்த்தேன், மூடிக்கொண்டேன். பிறகு திறந்தபோது பொய் தானாக வந்தது.

"காசித் தீர்த்தம். துரைசானிமார் எல்லாம்கூட யாத்திரை வந்து தீர்த்தம் பிடிக்கிறார்கள், பாருங்கள்."

"அப்படிப் போடு!" என்று யாரோ சந்தோஷப்பட்டார்கள். நான் வேகமாக நான்காவதைச் செருகினேன். பெரிய மரங்களின் நிழலில் ஒரு திடல். தொப்பி வைத்த கிழவர்கள் குனிந்து இரும்புக் குண்டுகளை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"காசியில கோலிக்குண்டு ஆடுறாங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

நடுவிலிருந்து தெரு முனை ரொட்டிக்கடைக்காரர் எழுந்தார். அவர் காரைக்கால்காரர், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கோபப்படத் தெரியாத ஆள். அன்றைக்கும் மெதுவாகத்தான் பேசினார்.

"தம்பி, போதும் விட்டுடு. அந்த மரத்துக்குப் பின்னால ஒரு கடை தெரியுது பாரு, அதுல எழுதியிருக்கிறது பிரெஞ்சு எழுத்து. அது ரொட்டிக்கட போர்டு. என் தொழிலு, எனக்குத் தெரியாதா?"

கூட்டத்தில் ஒரே கூச்சல். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"டேய், காசியில்லையா இது?"

"இல்லக்கா" என்றேன்.

அக்கா தூக்குச்சட்டியை ஒரு தடவை பார்த்தாள், பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அதை நான் மறக்கவே இல்லை. வாசகசாலைக் காரியதரிசி விளக்கை அணைக்க ஓடி வந்தார். அக்கா கையைக் காட்டித் தடுத்தாள்.

"நிறுத்தாதீங்க. மூணு நாளா வெளக்கேத்திக் கும்பிட்டிருக்கேன். எந்த ஊரக் கும்பிட்டேன்னாவது தெரிஞ்சிக்கிட்டுப் போறேன். அண்ணே, ஒங்களுக்குத்தான் படிக்கத் தெரியுதே, சொல்லுங்க."

பெட்டியின் அடியில் அச்சடித்த காகிதம் நாலைந்து இருந்தது. ரொட்டிக்கடைக்காரர் லாந்தர் வெளிச்சத்தில் அதைப் பிடித்துக்கொண்டார். பிரான்ஸ் தேசத்தின் தெற்கில் ஒரு சின்ன ஊர். அதன் பெயரை அவர் இரண்டு தடவை சொல்லியும் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. அந்த ஊர்க்காரர் ஒருவர், சைகோனில் இருக்கும் தன் ஜனங்களுக்குச் சொந்த ஊரைக் காட்டுவதற்காக அனுப்பிய படங்கள் இவை. நான் தகடுகளை முதலிலிருந்து போட, அவர் படித்துப் படித்துத் தமிழில் சொன்னார்.

"இந்தப் பாலம் மூணு தரம் ஆத்தோட போயிருக்காம். மூணு தரமும் ஊர்க்காரங்களே கல்லு சொமந்து கட்டியிருக்காங்க. நாலாவதா கட்டுனதுதான் நிக்கிது."

"கட்டுனது யாரு, ராசாவா?" என்று ஒரு மேஸ்திரி கேட்டார்.

"ராசா வரிதான் வாங்குனாராம். கட்டுனது ஊரு."

இதற்குக் கூட்டம் சிரித்தது. காசிப் படம் இல்லை என்று எழுந்து போக நினைத்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். மணிக்கூண்டுக்கு ஏன் கூரை இல்லை என்றால், அந்த ஊரில் வடக்கிலிருந்து ஒரு காற்று அடிக்கும், எந்தக் கூரை போட்டாலும் பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் இரும்புக் கூண்டு, காற்று பாட்டுக்கு உள்ளே புகுந்து வெளியே போகும். அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் வருவது மலையிலிருந்து. வாய்க்கால் வெட்டியவர்கள் ரோமாபுரிக்காரர்கள், ஏசு பிறந்த காலத்தை ஒட்டி வந்தவர்கள். அவர்கள் போய்விட்டார்கள், தண்ணீர் மட்டும் இன்னும் வருகிறது. அவர்கள் கட்டிய கூத்துமேடை ஒன்றும் ஊருக்கு வெளியே இடிந்து கிடந்தது, அரை வட்டமாகப் படிகள். ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் ஊர் முழுக்கப் பட்டுப்பூச்சி வளர்த்தார்கள், பெண்கள் முட்டையைத் துணியில் முடிந்து மார்புச் சூட்டில் பொரிக்க வைப்பார்களாம். அக்கா அதற்கு மட்டும் "அடியாத்தீ" என்றாள். ஊர் மதிலும் வாசலும் வந்தன. கொள்ளைநோய் வந்த காலத்தில் அந்த வாசலை அடைத்து, உள்ளே இருந்தவர்கள் உள்ளேயே கிடந்து, மலைமேல் இருக்கிற மாதாவுக்கு வேண்டிக்கொண்டார்கள்.

"வேண்டிக்கிட்டாங்களா?" என்றாள் அக்கா.

"ஆமா தங்கச்சி. நோய் போனா வருசா வருசம் செருப்பில்லாம மலையேறி வர்றோம்னு."

செருப்பில்லாமல் என்றதும் எனக்கு என் பள்ளிக்கூட நாள் ஞாபகம் வந்தது. அந்த ஊரிலும் ஒரு அக்கா இருந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது அந்த மலைக்கோயில். சின்னக் கட்டடம், பெரிய படிக்கட்டு. கடைசித் தகடு கோயிலின் உட்சுவர். தரையிலிருந்து கூரைவரை ஏதேதோ மாட்டியிருந்தது. சின்னக் கப்பல் பொம்மை, உலோகத்தில் செய்த கை, கால், கண். இவற்றுக்கு நடுவே பத்திருபது ஊன்றுகோல்களும் தடிகளும்.

"கால் நல்லானவங்க கொண்டாந்து மாட்டுனது" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வேண்டுதலுக்குக் கை, கால் உரு வாங்கிச் சாத்துவது எங்களுக்குத் தெரியாத விஷயமா? அப்போதுதான் அத்தான் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"காசிப் பொட்டி இப்ப எங்கடா இருக்கு?"

"சைகோன் கப்பல்ல போயிருக்கும் அத்தான்."

"திரும்பி வர?"

"ரெண்டு மாசம் ஆவும்."

அத்தான் அதிர்ந்து பேசாத மனுஷர். இரண்டு மாதம் என்ற சொல் காதில் விழுந்ததும் முகம் கறுத்தது. தூக்குச்சட்டியை அக்காவின் மடியில் வைத்தார். தடியை எடுத்தார். ஊன்றுவதற்கு எடுக்கவில்லை, ஓங்கினார்.

"பொட்டியக்கூடப் பாத்து எடுக்கத் தெரியாத ஒனக்கெல்லாம் கொட்டாயில ஒரு குமாஸ்தா வேல!"

தலைக்கு மேல் தடியைத் தூக்கிக்கொண்டு என்னை அடிக்க வந்தார். நான் லாந்தரை விட்டுவிட்டு வேட்டிக்குப் பின்னால் ஓடினேன். அவர் விடவில்லை. நான் பின்னாலிருந்து பார்க்கிறேன், ஓங்கிய தடியோடு அவர் நிழல் அந்தச் சுவரில், மாட்டிய தடிகளுக்கு நடுவே நடந்து வருகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, பத்து அடி இருக்கும். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"மேஸ்திரி! காலு!" என்று யாரோ கத்தினார்கள்.

அத்தான் நின்றார். குனிந்து தன் காலைப் பார்த்தார். தடி தலைக்கு மேல், காலோ தரையில் தனியாக நிற்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது, தள்ளாடினார். நான் வேட்டியை விலக்கிக்கொண்டு ஓடிப்போய்ப் பிடித்தேன். அடிக்க வந்தவர் என் தோளைத்தான் பற்றிக்கொண்டார்.

அக்கா சிரித்தாள். எழுபது நாளுக்கு மேல் ஆகியிருந்தது அவள் அப்படிச் சிரித்து. சிரிப்பு பாதியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. தேங்காயை எடுத்து அந்தச் சுவர்ப் படத்துக்கு முன்னால் தரையில் உடைத்தாள். சூடத்தைக் கொளுத்தினாள். பிறகு தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தாள்.

"அம்மா, காசின்னுதானே வேண்டுனே? இது மாதா கோயிலாச்சே" என்றார் காரியதரிசி. அவர் சட்டம் பேசுகிற ஆள்.

அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நான் ஆஸ்பத்திரியில நின்னு கத்துனேன். எந்தச் சாமி காதுல விழுந்திச்சோ, யாரு கண்டா? காலு குடுத்தவங்கதானே தேடிக்கிட்டு வருவாங்க. காசிப் பொட்டி சைகோன் போயிட்டுது. இந்தப் பொட்டி நான் கூப்புடாமயே என் வீட்டுக்கு வந்து, மூணு நாள் இருந்து, நான் போட்ட பூவ வாங்கிக்கிட்டுது. கண்ணால பாக்குறேன்னு சொன்னேன், பாத்துட்டேன். எனக்குப் பசிக்குதுங்க."

அக்கா அங்கேயே, பாயில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்கச் சோறு சாப்பிட்டாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. வேட்டிக்குப் பின்னால் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மறுநாள் குருக்களிடம் போய்ச் சொன்னோம். அவர், சாப்பிட்டாளா என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டாள் என்றதும், அப்புறம் என்ன என்று உள்ளே போய்விட்டார். பெட்டியை உரியவருக்குத் திருப்பி அனுப்பும்போது, தகடுகளுக்கு நடுவே அக்கா ஒரு சின்ன வெள்ளிக் கால் உருவைத் துணியில் சுற்றி வைத்தாள். எதற்கு என்று ரொட்டிக்கடைக்காரரைக்கொண்டு பிரெஞ்சில் ஒரு சீட்டும் எழுதிச் சேர்த்தோம். அது அந்தச் சுவரில் ஏறியதா, நடுவழியில் யார் கைக்காவது போனதா என்பது தெரியாது. ஏறியிருக்கும் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே கிடையாது. காசிப் பெட்டி அவளுடைய எட்டாம் மாதத்தில் வந்து சேர்ந்தது. இந்தத் தடவை வந்த உடனே திறந்து பார்த்தேன். படங்களை அக்கா பயபக்தியோடு பார்த்தாள். கடைசியில் என்னிடம் ரகசியமாக, "பாலம் அந்த ஊருலதான்டா நல்லா இருந்திச்சு" என்றாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, பெண். அவளுக்காக அக்கா வேறு ஏதோ வேண்டியிருக்கிறாள் என்று பின்னால் தெரிந்தது. அது வேறு தலைவலி.

வாசகசாலையில் நடந்ததில் ஒன்றை மட்டும் தாண்டி வந்துவிட்டேன். அதைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

சட்டியைத் திறந்து அக்கா முதல் கைப்பிடியை எடுத்தபோது, என் தோளைப் பிடித்துக்கொண்டு அத்தான் அவள் எதிரில் வந்து நின்றார். கவளம் அவள் வாய்க்குப் போகுமுன் ரொட்டிக்கடைக்காரர் பேசினார்.

"தங்கச்சி, அவருக்கும் ஒரு வாய் குடு. ஆஸ்பத்திரிய விட்டு வந்த நாளா மேஸ்திரிக்கு மத்தியானம் என் கட ரொட்டிதான். நீ குடுத்தனுப்புற சோறெல்லாம் துறையில கூலிக்காரங்க வயித்துக்குத்தான் போவுது. யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னாரு. இனிமே சொல்லலாம்ல?"

அக்கா தலையைத் தூக்கி அத்தானைப் பார்த்தாள். ரொட்டியைச் சுற்றிய துண்டோடு அன்றைக்கு அவர் என் எதிரில் விழித்த விழிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. நான் மனத்துக்குள் திட்டியதும் ஞாபகம் வந்தது. தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"தொண்டையில எறங்கல" என்றார் அத்தான், யார் முகத்தையும் பார்க்காமல்.

எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் நாலு பேர் முன்னால் செய்யாத காரியத்தை அக்கா செய்தாள். கையிலிருந்த கவளத்தை அப்படியே அவர் வாயில் ஊட்டினாள். அடுத்த கவளத்தைத் தான் சாப்பிட்டாள். அத்தான் வடித்த சோறு அடியில் தீய்ந்து, மேலே பாதி வேகாமல் இருந்தது. இரண்டு பேருமாக அதில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.